சேலத்து வீட்டில் விக்கா பீடம் அமைப்பது எப்படி

முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போங்கள். நான்கு பக்கமும் மலை இருக்கிற ஊரில் பிறந்தது நமக்கு ஒரு கொடுப்பினை. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலை நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. விக்கா என்கிற மதத்தில், வழிபாட்டுப் பொருள்களை வைக்கிற பீடம் திசையில் இருந்துதான் ஆரம்பிக்கிறது, அதனால் உங்கள் வீட்டில் எந்தச் சுவர் எந்த மலையைப் பார்க்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு கீழே இறங்கி வாருங்கள். போனில் இருக்கிற திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம், இரும்பு பீரோ பக்கத்தில் வைத்தால் அது தப்பாகக் காட்டும். நான் முதல் தடவை அப்படித்தான் வடக்கைக் கொண்டுபோய் வடகிழக்கில் வைத்து, இரண்டு மாதம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விக்கா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இது இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான ஒரு மதம். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் அங்கே 1951இல் நீக்கப்பட்ட பிறகு, ஜெரால்டு கார்ட்னர் என்பவர் அதை வெளிப்படையாகப் பேசவும் எழுதவும் ஆரம்பித்தார். இயற்கையைப் புனிதமாகப் பார்ப்பது, ஒரு தேவியையும் ஒரு தேவனையும் வணங்குவது, நிலவையும் பருவங்களையும் பின்தொடர்வது, யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருப்பது, இவ்வளவுதான் அடிப்படை. தமிழில் சிலர் இதன் பீடத்தைப் பலிபீடம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தச் சொல் வேண்டாம், இதில் பலி எதுவும் கிடையாது. பீடம் போதும்.

சரி, எங்கே வைப்பது? பூஜை அறையில் வைக்காதீர்கள். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. அந்த அலமாரி அம்மாவுடையது, அங்கே இருக்கிற குத்துவிளக்கும் சாமி படங்களும் பல வருஷமாக ஒரு வழிபாட்டுக்குப் பழகியவை, அதில் ஒரு மூலையை நாம் எடுத்துக்கொள்வது அவர்களுக்கும் மரியாதை இல்லை, நம்முடைய வழிபாட்டுக்கும் மரியாதை இல்லை. தனியாக ஒரு மணைப்பலகை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் உட்கார வைப்பார்களே, அந்த மணைதான். ஒன்றரை அடி நீளம் இருந்தால் தாராளம். தரையில் வைத்து, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எல்லாம் கைக்கு எட்டும், வேலை முடிந்ததும் துடைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். தினமும் பத்து நிமிஷத்தில் விரித்து பத்து நிமிஷத்தில் மடிக்க முடிகிற பீடம்தான் நிலைக்கும். மேஜை நிறையப் பொருள் அடுக்கி, படம் எடுத்து, அப்புறம் தூசி தட்டக்கூட மனசு வராமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திசைகளுக்கு வருவோம். வடக்கு மண், கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர். இதுதான் பரவலான வழக்கம். நாம் கேட்டு வளர்ந்த ஐம்பூதத்தில் நான்கு இங்கே இருக்கிறது, ஐந்தாவதாக விக்காவில் சொல்வது ஆன்மா. பீடத்தை வடக்குப் பார்த்து வைப்பவர்களும் உண்டு, கிழக்குப் பார்த்து வைப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் நீங்கள் கிழக்குப் பார்த்து உட்காருங்கள். வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் தெற்கு உங்கள் மடிக்கு நேராக வரும், தெற்கில்தான் நெருப்பு, குனிந்து எதையாவது எடுக்கும்போது துப்பட்டாவோ தலைமுடியோ விளக்கில் விழும். கிழக்குப் பார்த்தால் நெருப்பு வலது கைப்பக்கம் தள்ளிப் போய்விடும், மண்ணுக்கு வைக்கிற உப்பு இடது பக்கம், தண்ணீர் உங்களுக்குக் கிட்டத்தில், காற்றுக்கு வைக்கிற சாம்பிராணி எதிரே தள்ளி இருப்பதால் புகையும் முகத்தில் அடிக்காது. இன்னொரு வசதியும் உண்டு. தேவிக்கு இடது பக்கம், தேவனுக்கு வலது பக்கம் என்பது விக்காவில் பொதுவாகச் செய்வது, அதுவும் தானாகச் சரியாக அமைந்துவிடுகிறது.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடப்பதெல்லாம் இங்கேதான். இங்கிலாந்து வழக்கப்படி எல்லோரும் மெழுகுவர்த்தி என்றுதான் சொல்வார்கள். நானும் ஒல்லியாக, உயரமாக, வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் வரவழைத்தேன். எங்கள் வீடு கன்னங்குறிச்சியில் முதல் மாடி, மேலே தளம் நேராக வெயில் குடிக்கும். ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஏற்றாமல் சும்மா நிறுத்தி வைத்திருந்த சிவப்பு மெழுகுவர்த்தி நடுவில் மெதுவாக வளைந்து, நுனி பலகையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து நின்றது. தொட்டால் விரல் ரேகை பதிந்தது. அது எரிந்துகொண்டிருக்கும்போது வளைந்திருந்தால் பக்கத்தில் ஜன்னல் திரை இருந்தது. அன்றைக்கே அகல் விளக்குக்கு மாறினேன்.

அகல் புதிதென்றால் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயை எல்லாம் மண்ணே குடித்துவிட்டு அடியில் கசியும். நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. அகலைப் பலகையில் நேராக வைக்காமல் ஒரு சின்னப் பித்தளைத் தட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், அதனால் கோடையில் விடியற்காலையோ இரவு ஒன்பது மணிக்கு மேலோ உட்காருங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே மெழுகுவர்த்தி அழகாக நிற்கும், அவர்களுக்குத் தீப்பெட்டி நமுத்துப் போவதுதான் பிரச்சினை. அதை மூடி இறுகின டப்பாவில் போட்டு வைத்தால் முடிந்தது.

அம்மா என் பீடத்தை முதலில் பார்த்தது இந்த விளக்கால்தான். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா, விளக்கைத் தெற்குப் பக்கம் வெச்சிருக்கே?" என்று கேட்டார்கள். வேறு எதையும் கேட்கவில்லை, பலகையில் இருந்த கத்தியையோ நட்சத்திரக் கோலத்தையோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் வீடுகளில் விளக்கின் முகம் தெற்கே பார்க்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடிக்கவே இல்லை: அகல் பலகையின் தெற்கு ஓரத்தில் இருக்கட்டும், திரியின் முகம் மட்டும் வடக்கைப் பார்க்கட்டும். திருப்பி வைத்தேன். "இப்ப சரி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதை அப்படியே செய்யுங்கள்.

வடக்கில் மண்ணுக்கு உப்பு. கல் உப்புதான், தூள் உப்பு வேண்டாம், கையில் எடுத்துப் போடும்போது அதன் கனம் தெரிய வேண்டும். வைக்கிற பாத்திரம் முக்கியம். பித்தளையிலோ செம்பிலோ உப்பு வைத்தால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும், வெள்ளியில் வைத்தால் கறுக்கும். சின்ன பீங்கான் ஊறுகாய் ஜாடி ஒன்று போதும். ஏற்காட்டில் சித்தி வீட்டில் ஒரு தடவை கிண்ணத்தில் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினேன். ஐப்பசி மாதம், ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்துபோகிற வீடு. காலையில் பார்த்தால் உப்புக் கற்களின் முனையெல்லாம் மழுங்கி, கிண்ணத்தின் அடியில் ஒரு விரல் தண்ணீர். மண்ணுக்காக வைத்தது நீராகி நிற்கிறது. அன்றிலிருந்து மலையில் மூடி இல்லாமல் உப்பு வைப்பதில்லை. உப்போடு கூட ஒரு கல்லும் வைக்கலாம். சேலத்துக்காரர்களுக்கு வெள்ளைக்கல்லைவிட, அதாவது மேக்னசைட்டைவிட, நெருக்கமான கல் எது? யார் வீட்டுத் தோட்டத்திலாவது துண்டு கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சுரங்கப் பக்கம் போய்ப் பொறுக்காதீர்கள். அதேபோல சேர்வராயன் கோவில் குகையில் இருந்தோ அதைச் சுற்றியோ ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. அது மலை மக்களின் சாமி, நம்முடைய பீடத்துக்கு அலங்காரப் பொருள் கிடையாது.

கிழக்கில் காற்றுக்குச் சாம்பிராணி. தூபக்காலில் தணல் போட்டுச் செய்தால் அந்த வாசனையே தனி, அவசரத்துக்குக் கப் சாம்பிராணி. ஜன்னல் திறந்திருக்கட்டும். இழுப்பு இருப்பவர்கள் புகையே வேண்டாம், ஒரு இறகை வைத்தால் போதும்.

மேற்கில் நீருக்குக் கோப்பை. சின்ன வயசில் பால் குடித்த வெள்ளி டம்ளர் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல கோப்பை கடையில் கிடைக்காது, விக்காவில் வெள்ளி நிலவுக்கும் தேவிக்கும் உரிய உலோகம். குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீர் போதும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் முதல் நாள் பொருள்கள் மேல் தெளிக்கிற உப்புத் தண்ணீரை இந்த டம்ளரில் கலக்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு மண் கிண்ணமோ கண்ணாடிக் கிண்ணமோ வேண்டும்.

கத்தி. அதாமே என்று சொல்வார்கள், கறுப்புக் கைப்பிடி, இருபுறமும் கூர் உள்ள சின்னக் கத்தி, ஆனால் அது எதையும் வெட்டுவதற்கு இல்லை, சக்தியைத் திசை காட்டுவதற்கு மட்டும். கார்ட்னர் இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் பிறகு மலேயாவிலும் வேலை பார்த்தவர், மலாய் கத்திகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர், கத்தி மேல் அவருக்கு இருந்த ஈடுபாடு இதிலும் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். கஞ்சமலை இரும்புத் தாதுக்குப் பேர் போனது, கொல்லுப் பட்டறை இன்னும் நடக்கிற ஊர் நம்முடையது, கேட்டால் முனை மழுங்கலாக ஒன்று அடித்துக் கொடுப்பார்கள். குழந்தைகள் இருக்கிற வீடு என்றாலோ வீட்டில் பயப்படுவார்கள் என்றாலோ கத்தியே வேண்டாம். உங்கள் வலது கை ஆள்காட்டி விரல் அதே வேலையைச் செய்யும். கத்தியைத் தெற்கில் வைப்பவர்களும் உண்டு, கிழக்கில் வைப்பவர்களும் உண்டு, நான் தெற்கில் வைக்கிறேன்.

அடுத்தது கோல், வட்டம் சுற்றும்போது கையில் நீட்டிப் பிடிக்கிற குச்சி. அதற்கு அளவு முழங்கையில் இருந்து நடுவிரல் நுனி வரை என்பார்கள். அது நம்முடைய ஒரு முழம்தான், பூ வாங்குகிற அதே முழம். உங்கள் கையால் அளந்தால் அது உங்களுக்கான கோல். ஓக், ஹேசல் என்று இங்கிலாந்து மரங்களின் பெயரை எழுதியிருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் பெயரில்தான் ஓக், அது ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த வேறு மரம், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. நான் எடுத்தது காபிக் குச்சி. அறுவடை முடிந்து கவாத்து பண்ணும்போது வெட்டிப் போட்டதைக் கேட்டு வாங்கினேன். தோலைச் சீவிவிட்டு நிழலில் மூன்று வாரம் காயவிட வேண்டும், அவசரப்பட்டு வெயிலில் போட்டால் நீளவாக்கில் வெடிக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் துணியால் தேய்த்தால் கைக்குப் பதமாக இருக்கும். உயிரோடு இருக்கிற கிளையை ஒடிக்காதீர்கள், காப்புக் காட்டில் கீழே கிடக்கிற குச்சியையும் விட்டுவிடுங்கள்.

நடுவில் பென்டக்கிள், அதாவது வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் போட்ட தட்டு. இதைக் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். கோலம் போடத் தெரிந்த கை நம்முடையது. வெறும் பித்தளைத் தட்டில் பச்சரிசி மாவால் முதலில் ஐந்து புள்ளி வையுங்கள்: உச்சியில் ஒன்று, நடுவில் இடமும் வலமும் ஒவ்வொன்று, கீழே இரண்டு. உச்சியில் ஆரம்பித்து வலது கீழ்ப் புள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து இடது நடுப்புள்ளிக்கு ஏறி, நேராக வலது நடுப்புள்ளிக்கு வந்து, இடது கீழ்ப் புள்ளிக்கு இறங்கி, திரும்ப உச்சிக்கு. கை எடுக்காமல் ஒரே இழை. அப்புறம் சுற்றி ஒரு வட்டம். வாசலில் ஆறு முனை நட்சத்திரம் போட்டுப் பழகிய கை முதல் சில நாள் ஆறுக்குத்தான் போகும், அதனால்தான் புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உச்சி முனை ஆன்மாவுக்கு, மற்ற நான்கும் நான்கு பூதங்களுக்கு. மலையில் உலர்ந்த மாவு ஈரத்தில் திட்டுத் திட்டாகிவிடும், அங்கே மாவைக் கரைத்து மாக்கோலமாகப் போடுங்கள். எறும்பு வந்தால் வரட்டும், கோலமாவு அதற்கும்தானே.

தேவிக்கும் தேவனுக்கும் சிலை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் இல்லை. இடது பக்கம் தேவிக்கு ஒரு வெள்ளிப் பொருள், வலது பக்கம் தேவனுக்கு மஞ்சளாக, சூரியனை ஞாபகப்படுத்துகிற ஏதோ ஒன்று. சேலத்துக் கொலுசு இல்லாத வீடு உண்டா? என் பாட்டியின் கொலுசு ஒன்று அறுந்துபோய், செவ்வாய்ப்பேட்டைக்கு எடுத்துப்போய்ப் பற்றவைக்கலாம் என்று பல வருஷமாக டப்பாவில் கிடந்தது. ஏழு முத்து மிச்சம், அதில் இரண்டுக்குத்தான் சத்தம் இருக்கிறது. அதைச் சுருட்டி இடது பக்கம் வைக்கிறேன். வைக்கும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வரும், எனக்கு வழிபாடு அந்தச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அக்கம்பக்கம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கறுப்புத் துணி, கத்தி, நட்சத்திரம் என்றால் நம் ஊரில் மனசு நேராகச் செய்வினைக்குத்தான் போகும். அது அவர்களின் பயம், அதைக் கேலி பண்ணக் கூடாது. கறுப்பு விரிப்பு வேண்டாம், பச்சையோ வெள்ளையோ விரியுங்கள். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி எதுவும் வைக்காதீர்கள், அது விக்காவில் இல்லை. படையல் மிச்சத்தை வெளியில், மண்ணுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது விதி, ஆனால் முச்சந்தியிலோ அடுத்த வீட்டு வாசல் பக்கமோ போட்டுவிடாதீர்கள், யாரோ கழிப்புக் கழித்துப் போட்டதாக நினைத்துத் தெருவே தூங்காது. உங்கள் வீட்டுச் செடி அடியில் குழி தோண்டிப் புதையுங்கள். வீட்டுக்காரம்மா கேட்டால் மறைக்காமல், "மண்ணையும் நிலாவையும் கும்பிடுறேங்க" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டு விலக்கு நாட்களில் உட்காரலாமா என்று கேட்டால், தாராளமாக உட்காரலாம். விக்காவில் அது தீட்டு இல்லை. அம்மாவின் பூஜை அறை விதியை அங்கே மதியுங்கள், இந்தப் பலகைக்கு அந்த விதி கிடையாது. மாதத்தில் மூன்று நாள் எதிலிருந்தும் ஒதுங்காமல் உட்கார முடிகிற ஒரு இடம் எனக்கு முதன்முதலில் கிடைத்தது இங்கேதான்.

முதல் நாள் பௌர்ணமியாக இருந்தால் நல்லது, தினசரி காலண்டரில் தேதி பார்த்துக்கொள்ளலாம். பொழுது சாய்வதற்கு முன்னாலேயே இடத்தைக் கூட்டிவிடுங்கள், விளக்கு வைத்த பிறகு துடைப்பம் எடுக்க வீட்டில் விடமாட்டார்கள். குளித்துவிட்டு வந்து மணையைப் போட்டு, ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வையுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் மூன்று சிட்டிகை உப்பு போட்டு, விரலால் வலப்பக்கமாகக் கலக்குங்கள். ஒவ்வொரு பொருளிலும் அந்தத் தண்ணீரைத் தெளித்து, சாம்பிராணிப் புகையில் காட்டி, விளக்குச் சுடருக்கு மேலே தள்ளிப் பிடித்து எடுங்கள். நான்கு பூதமும் அதைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வெள்ளிக்கும் இரும்புக்கும் உப்புத் தண்ணீர் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

அப்புறம் வட்டம். எழுந்து நின்று, கோலையோ விரலையோ நீட்டிக்கொண்டு, பலகையையும் நீங்கள் உட்காரும் இடத்தையும் சேர்த்து மூன்று முறை வலம் வாருங்கள். சூரியன் போகிற பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று விக்காவில் சொல்வதும், கோவிலில் நாம் வலம் வருவதும் ஒரே திசை, உங்கள் கால் அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. கிழக்கில் ஆரம்பித்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒவ்வொரு பக்கமும் நின்று கூப்பிடுங்கள். தமிழில்தான். இங்கிலீஷ் மந்திரத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: "கோதுமலைப் பக்கத்துக் காற்றே, வா, கூட இரு." அடுத்து ஜருகுமலைப் பக்கத்து நெருப்பு, கஞ்சமலைப் பக்கத்து நீர், நகரமலைப் பக்கத்து மண். பிறகு தேவியையும் தேவனையும் உங்கள் வாயில் வருகிற சொல்லில் அழையுங்கள். உட்காருங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். கடைசியில் கொஞ்சம் சாப்பிட வேண்டும், அங்கே கேக்கும் வைனும் வைப்பார்கள், இங்கே ஒரு துண்டு கருப்பட்டியும் கோப்பையில் ஏற்காட்டுக் காபியும் வைத்தால் குறையே இல்லை. முதல் வாய் மண்ணுக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை நீங்கள் சாப்பிடுங்கள். எழுவதற்கு முன் நான்கு திசைக்கும் நன்றி சொல்லி அனுப்ப வேண்டும். வட்டத்தைக் கலைக்க எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது வழக்கம், இடப்பக்கமாகச் சுற்ற எனக்கு இன்னும் கால் வராததால் உட்கார்ந்தபடியே விரலால் மட்டும் கலைக்கிறேன்.

விக்காவில் வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை. தேதியை மாற்றாதீர்கள், பொருளை மாற்றுங்கள். இங்கிலாந்தில் பனி உருகுகிற நேரத்தில் நமக்கு வெயில் ஏறுகிறது, அவர்களின் பூவையும் இலையையும் இங்கே தேடினால் பிளாஸ்டிக்தான் கிடைக்கும். டிசம்பர் 21 ஒட்டி வரும் யூல் சூரியன் திரும்பப் பிறக்கிற நாள், நமக்கு மார்கழி, தேவன் பக்கம் ஒரு பூசணிப்பூவை வைத்துப் பாருங்கள், சூரியனே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். மார்ச் 20 அல்லது 21இல் ஒஸ்டாரா, மலையில் பூமழை பெய்திருந்தால் காபி பூத்து மல்லிகை மாதிரி மணக்கும், ஒரு கொத்து போதும். மே 1 பெல்டேன், சேலத்தில் மாம்பழத்தை விட்டு வேறு எதை வைப்பது? ஆகஸ்ட் 1 லாமாஸ் ஆடிப்பெருக்குக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் வரும், கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் ஊரே கலகலவென்று இருக்கும், அன்றைக்கு நான் முளைப்பயறு வைக்கிறேன். அக்டோபர் 31இல் சௌவின் (Samhain) என்கிற பண்டிகை, முன்னோர்களுக்கான இரவு. வெளியே அடைமழை பெய்யும். பாட்டி படத்தை எடுத்துத் துடைத்து, அந்தக் கொலுசுக்குப் பக்கத்தில் வைப்பேன்.

மறுநாள் காலையில் விளக்குத் தட்டைச் சூடான தண்ணீரில் கழுவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் சீயக்காய்த் தூள். சாம்பிராணிச் சாம்பல் ஆறிய பிறகு செடிக்குப் போடலாம். உப்புத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள், வேர் கருகிவிடும், கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுங்கள். மணையை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, உள்ளே தள்ளுங்கள்.